‘குடிஸ்ஸிக’ என்றால் பாக்கி: அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸ் எப்படி வசூலாகிறது?

எங்கள் அபார்ட்மென்ட்டில் லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டீஸ் போர்டு. மாதம் பத்தாம் தேதி அதில் ஒரு தாள் ஏறும். மேலே மலையாளத்தில் ‘குடிஸ்ஸிக’, கீழே தமிழில் ‘பாக்கி’, எதிரே ஒரு தொகை. பாலக்காட்டில் இரண்டும் எழுதினால்தான் சரிப்படும். முப்பத்தாறு வீட்டில் பாதி வீடுகளில் தமிழ், மீதியில் மலையாளம். லிஃப்ட்டுக்குள் எல்லாரும் இரண்டையும் கலந்துதான் பேசுவார்கள். அந்தத் தாளில் யார் பெயரும் இருக்காது, மொத்தத் தொகை மட்டும்தான். ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

நான் ரயில்வேயில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆண்டுக் கூட்டத்தில் அடுத்த டிரெஷரர் யார் என்று கேட்டதும் எல்லார் தலையும் என் பக்கம் திரும்பியது. அப்படி வந்து மாட்டிக்கொண்டவன் எழுதுகிற விளக்கம் இது. புதிதாகக் கமிட்டிக்கு வந்தவர்களுக்கும், ‘கட்டாவிட்டால் என்ன செய்துவிடுவார்கள்?’ என்று யோசிப்பவர்களுக்கும் பயன்படும்.

முதலில் கணக்கு. எல்லா வீடும் 1,200 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். சதுர அடிக்கு 2 ரூபாய் 75 காசு. அப்படியானால் வீட்டுக்கு மாதம் 3,300 ரூபாய், 36 வீட்டுக்கும் சேர்த்து 1,18,800. லிஃப்ட், பொது மின்சாரம், காவல், குப்பை, பம்பு, ஏப்ரலில் கிணறு காலை வாரிவிட்டால் டேங்கர் தண்ணீர், எல்லாம் இதற்குள்தான். இதில் லாபம் என்று ஒரு பைசா கிடையாது. ஆறு வீடு கட்டாமல் விட்டால் மாதம் 19,800 குறையும். இரவுக் காவலருக்கு நாங்கள் கொடுக்கிற சம்பளத்தைவிட அது அதிகம். அவருக்குச் சம்பளம் கொடுக்காமல் இருக்க முடியாது; அதனால் ஒழுங்காகக் கட்டும் முப்பது பேரின் பணத்தில்தான் அந்த ஆறு பேரும் லிஃப்ட்டில் ஏறி இறங்குகிறார்கள். பாக்கி என்றால் அசோசியேஷன் என்ற ஏதோ ஒரு கம்பெனிக்கு வரவேண்டிய பணம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது பக்கத்து வீட்டுக்காரர் நமக்காகக் கைமாற்றாகப் போட்டிருக்கும் பணம். (வீட்டுக்கு மாதம் 7,500 ரூபாயைத் தாண்டி வாங்கும் பெரிய வளாகங்களுக்கு ஜி.எஸ்.டி. என்று தனிக் கதை உண்டு. அது இன்னொரு நாளைக்கு.)

சரி, ஏன் கட்டுவதில்லை? காசில்லாமல் கட்டாதவர்கள் என் அனுபவத்தில் மிகக் குறைவு. வீட்டைப் பூட்டிவிட்டு மஸ்கட்டிலோ மும்பையிலோ இருப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். சிலர் இறந்துபோய், பிள்ளைகள் மூன்று பேரும் ‘அண்ணன் கட்டுவான்’, ‘தம்பி கட்டுவான்’ என்று இருக்கிறார்கள். வீட்டை வாடகைக்கு விட்டவர் குடியிருப்பவரைக் கைகாட்டுவார், குடியிருப்பவர் ‘வாடகையோடு சேர்த்துக் கொடுத்தாச்சே’ என்பார். அப்புறம் கோபக்காரர்கள். மாடியில் கசிகிறது, அதைச் சரிசெய்யும்வரை ஒரு பைசா தரமாட்டேன் என்பவர்கள். கடைசியாகத் தரைத்தளத்து மாமா.

தரைத்தளத்து மாமாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா அபார்ட்மென்ட்டிலும் ஒருவர் இருக்கிறார்.

“நான் லிஃப்ட்டில் கால் வைத்து எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா சார்? எனக்கு எதுக்கு லிஃப்ட் காசு?”

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அபார்ட்மென்ட் வீடு என்று நாம் வாங்குவது நான்கு சுவரை மட்டுமல்ல. அடியில் இருக்கும் நிலத்தில் பிரிக்கப்படாத ஒரு பங்கு, மொட்டைமாடியில் ஒரு பங்கு, படிக்கட்டில், லிஃப்ட்டில், பம்பில் ஒரு பங்கு. பங்கு இருக்கிறது என்றால் செலவிலும் பங்கு உண்டு. நான் இதைப் பயன்படுத்துவதில்லை என்றோ, வீட்டைப் பூட்டிப் போட்டிருக்கிறேன் என்றோ சொல்லிப் பொதுச் செலவிலிருந்து ஒருவர் கழன்றுகொள்ள முடியாது. கேரள அபார்ட்மென்ட் சட்டமே இதைச் சொல்கிறது. மாடிக் கசிவுக்கும் அதே கதைதான். கசிவைச் சரிசெய்யச் சொல்லிக் கேட்பது அவர் உரிமை, அதற்குத் தனியாகப் புகார் கொடுக்கலாம், வழக்கும் போடலாம். மெயின்டனன்ஸை நிறுத்திவைப்பது அதற்கு வழி அல்ல. உண்மையைச் சொன்னால், கசிவைச் சரிசெய்ய வேண்டிய பணமும் அந்த மெயின்டனன்ஸில் இருந்துதான் வர வேண்டும்.

வாடகைக்கு இருப்பவர் விஷயம் இதைவிடச் சுலபம். அவர் கட்டினால் வாங்கிக்கொள்ளலாம். கட்டாவிட்டால் கேட்க வேண்டியது வீட்டுக்காரரை. அசோசியேஷனில் உறுப்பினர் அவர்தான்.

எந்தச் சட்டம்?

இங்கேதான் எல்லைப் பகுதிக்காரர்கள் தடுமாறுகிறார்கள். எங்கள் அபார்ட்மென்ட்டில் வீடு வைத்திருக்கும் சிலர் கோயம்புத்தூர்க்காரர்கள். அங்கே ஒரு அசோசியேஷனில் செக்ரட்டரியாக இருந்த அனுபவத்தில், அங்கே நடந்ததைப் போலவே இங்கேயும் செய்யலாமே என்பார்கள். வாளையாறு தாண்டினால் சட்டம் மாறிவிடும்.

தமிழ்நாட்டில் 1994-ஆம் ஆண்டின் அபார்ட்மென்ட் உரிமைச் சட்டம் இருந்தது. அதற்குப் பதிலாக 2022-ல் புதிய சட்டம் கொண்டுவந்து, 2024 மார்ச் முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறார்கள். சங்கமாகப் பதிவு செய்தவர்கள் 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் இருப்பார்கள். கேரளத்தில் 1983-ஆம் ஆண்டின் கேரள அபார்ட்மென்ட் உரிமைச் சட்டம். ஆனால் இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. கட்டடத்தின் உரிமையாளரோ உரிமையாளர்கள் எல்லாருமோ, ‘இந்தக் கட்டடத்தை இந்தச் சட்டத்துக்கு உட்படுத்துகிறோம்’ என்று ஒரு பிரகடனப் பத்திரம் எழுதிப் பதிவு செய்திருந்தால்தான் அந்தச் சட்டம் அந்தக் கட்டடத்துக்குப் பொருந்தும். எல்லாக் கட்டடமும் அப்படிப் பதிவானவை அல்ல. புதிதாகக் கமிட்டிக்கு வந்தவர் அலமாரியில் முதலில் தேட வேண்டிய காகிதம் இதுதான்.

அது இல்லாவிட்டால் கை கட்டப்பட்டதா? இல்லை. அசோசியேஷன் ஒரு சங்கமாகப் பதிவாகியிருக்கும். கேரளத்தில் அதிலும் இரண்டு வகை. திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளுக்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டம். பாலக்காடு பழைய மலபார். 1956 நவம்பர் 1 வரை நாங்கள் மெட்ராஸோடு இருந்தவர்கள். அதனால் எங்களுக்கு 1860-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டம். நம் நாடு லிஃப்ட் என்பதையே பார்த்திராத காலத்துச் சட்டம்தான், இருந்தாலும் நமக்கு வேண்டிய இரண்டு விஷயம் அதில் இருக்கிறது. சந்தா மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி வைத்த உறுப்பினருக்கு ஓட்டு கிடையாது. பாக்கிக்காகச் சங்கம் தன் உறுப்பினர் மேலேயே வழக்குப் போடலாம்.

இவற்றோடு பைலாவும் (சங்கம் தனக்கென்று எழுதிவைத்த விதிகள்), வீடு வாங்கும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமும். மெயின்டனன்ஸ் கட்டுவேன் என்று அதில் ஒரு வரி ஏறக்குறைய எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். யாரும் படித்திருக்க மாட்டார்கள். 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும், பராமரிப்புச் செலவில் தன் பங்கைக் கட்டுவது வாங்கியவரின் கடமை என்கிறது.

காகித வேலை

வசூல் என்றதும் சத்தம் போடுவது, வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுத் தாக்குவது என்றுதான் நினைக்கிறார்கள். வசூல் முழுக்க முழுக்கக் காகித வேலை. கையில் மூன்று காகிதம் சரியாக இருந்தால் பாதிப் பாக்கி தானாக வந்துவிடும். ஒன்று, இந்த ஆண்டு சதுர அடிக்கு இவ்வளவு என்று பொதுக்குழு நிறைவேற்றிய தீர்மானம், மினிட்ஸ் புத்தகத்தில், கையெழுத்துகளோடு. இரண்டு, தாமதமானால் வட்டி எவ்வளவு என்று சொல்லும் பைலா விதி. மூன்று, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம் என்று எழுதிய லெட்ஜர்.

நான் பொறுப்பேற்றபோது லெட்ஜர் என்று ஒன்று இல்லை. ஒரு ரசீதுப் புத்தகமும், முன்னாள் டிரெஷரரின் ஞாபகமும்தான் இருந்தன. அவர் ஞாபகசக்தி அபாரம்தான். ஆனால் ஞாபகத்தை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய முடியாதே. ஒரு மாதம் உட்கார்ந்து வங்கிப் பாஸ்புக்கையும் ரசீதுகளையும் ஒப்பிட்டு எழுதினேன். அதில் இரண்டு வீட்டுக்காரர்கள் கட்டிய பணம் வேறு வீட்டுக் கணக்கில் ஏறியிருந்தது தெரிந்தது. அந்த இரண்டு பேரையும் நாங்கள் ஆறு மாதமாகப் பாக்கிக்காரர்கள் என்று திட்டிக்கொண்டிருந்தோம். நோட்டீஸ் போர்டில் பெயர் போட வேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான். கணக்கு தப்பாக இருந்து பெயரை ஒட்டினால் அவதூறு என்று அவர் நம் மேல் திரும்புவார். கணக்கு சரியாகவே இருந்தாலும், அவமானப்பட்டவர் பணம் கட்டுவதில்லை, வக்கீலைப் பார்க்கத்தான் போகிறார்.

வட்டியிலும் பேராசை வேண்டாம். ஒரு உதாரணம். 14 மாதம் கட்டாதவர். அசல் 46,200 ரூபாய். வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், அதாவது மாதத்துக்கு 3,300-க்கு 33 ரூபாய், தனிவட்டி. முதல் மாதப் பாக்கிக்கு 13 மாத வட்டி, இரண்டாம் மாதத்துக்கு 12, இப்படியே இறங்கிக் கடைசி மாதத்துக்கு ஒன்றுமில்லை. கூட்டினால் 91 மாத வட்டி. 91 பெருக்கல் 33, 3,003 ரூபாய். மொத்தம் 49,203. இதை ஒரு தாளில் மாதவாரியாகப் போட்டுக் கொடுத்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். நாளுக்கு நூறு ரூபாய் அபராதம் என்று சில இடங்களில் தீர்மானம் போடுகிறார்கள். பாக்கியைவிட அபராதம் பெரிதாகிவிடும். தண்டனை மாதிரி இருக்கும் தொகையை நீதிமன்றம் நியாயமான அளவுக்குக் குறைத்துவிடும், நமக்குத்தான் கெட்ட பெயர்.

படிப்படியாக

முதல் படி ஃபோன். மஸ்கட்டில் இருக்கும் ஒருவருக்கு நான்கு மாதம் நினைவூட்டல் மெசேஜ் அனுப்பினேன், பதிலில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, அவர்களுக்கு விடுமுறை நாள் பார்த்துக் கூப்பிட்டேன்.

“அய்யோ சேட்டா, அந்த நம்பரை மாத்தி ஒரு வருஷம் ஆச்சு. எவ்வளவுன்னு சொல்லுங்கோ, இப்பவே போட்டுடறேன்.”

பத்து நிமிடத்தில் பணம் வந்தது. இது மாதிரிதான் பெரும்பாலும். அதனால் ஃபோனைத் தாண்டாமல் நோட்டீஸுக்குப் போகாதீர்கள்.

ஃபோனுக்கு மசியாவிட்டால் கடிதம். கணக்குத் தாளை இணைத்து, பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து, செக்ரட்டரி கையெழுத்தோடு. நாங்கள் இரண்டு மொழியிலும் அனுப்புகிறோம். அதற்கும் பதில் இல்லை என்றால் வக்கீல் நோட்டீஸ். தபாலில் அனுப்பும்போது பதிவோடு, ஒப்புகையோடு அனுப்ப வேண்டும் (2025-ல் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள், தபால் ஆபீஸில் கேட்டால் சொல்வார்கள்). விலாசம் சரியாக எழுதியிருந்து, அவர் வாங்க மறுத்துத் தபால் திரும்பி வந்தாலும் கவலை இல்லை. சரியாக அனுப்பிய பதிவுத் தபால் போய்ச் சேர்ந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒன்று மட்டும் கவனம். திரும்பி வந்த உறையைப் பிரிக்கக் கூடாது. எங்கள் கமிட்டியில் ஒருவர் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஆர்வப்பட்டு ஒன்றைக் கிழித்துவிட்டார். உள்ளே இருந்தது அவரே கையெழுத்துப் போட்ட நோட்டீஸ்தான்.

அடுத்த படியில் எனக்கு மிகவும் பிடித்தது லோக் அதாலத், அதாவது மக்கள் நீதிமன்றம். வழக்குப் போடுவதற்கு முன்பே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்திலோ தாலுகா கமிட்டியிலோ ஒரு மனு கொடுக்கலாம். கோர்ட் கட்டணம் கிடையாது. இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவார்கள். வட்டியைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, நான்கு தவணையில் கட்டுகிறேன் என்று ஒப்புக்கொண்டால் அதை எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். அந்தத் தாளுக்கு சிவில் நீதிமன்றத் தீர்ப்பின் மதிப்பு உண்டு. மேல்முறையீடும் கிடையாது. ஒரே சிக்கல், இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் அது நடக்கும். வரவே மாட்டேன் என்பவரை இழுத்து வர முடியாது.

அப்படிப்பட்டவருக்குத்தான் முன்சீப் கோர்ட். வீடு இங்கே, பணம் கட்ட வேண்டியதும் இங்கே. அதனால் அவர் சென்னையில் இருந்தாலும் பாலக்காட்டிலேயே வழக்குப் போடலாம். ஆனால் வழக்குப் போட யாருக்கு அதிகாரம் என்று பைலாவில் பார்த்து, கமிட்டித் தீர்மானம் ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்கும் கேள்வியே அதுதான். தீர்ப்பு வந்த பிறகும் பணம் தானாக வராது. அமலாக்க மனு போட்டு, அவர் சொத்தையோ அவருக்கு வரும் வாடகையையோ பிடிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். வருடக்கணக்கில் ஆகலாம். 50,000 ரூபாய்க்கு இந்த வழி லாபமா என்று கேட்டால் பல சமயம் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் ஒருவர் மேல் வழக்கு விழுந்ததும் இன்னும் மூன்று பேர் கட்டிவிடுவார்கள். அந்த லாபத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தண்ணீரை நிறுத்தலாமா?

எல்லாக் கூட்டத்திலும் யாராவது ஒருவர் இதைக் கேட்பார், கைத்தட்டலும் விழும். என் பதில், வேண்டாம். மின்சாரம் மின்வாரியம் அவர் பெயரில் கொடுத்தது, அதில் கை வைக்க அசோசியேஷன் யார்? மின்சாரம் அடிப்படை வசதி, அதை ஒருவரிடமிருந்து பறிக்க முடியாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வாடகை வழக்கில் சொல்லியிருக்கிறது. தண்ணீர் அதைவிட அடிப்படை. பாலக்காட்டு ஏப்ரல் வெயிலில் ஒரு வீட்டு வால்வை மூடினால், அங்கே பாக்கிக்குச் சம்பந்தமே இல்லாத வாடகைக்காரரின் கைக்குழந்தை இருக்கும். மறுநாள் போலீஸ் ஸ்டேஷனில் கமிட்டி நிற்கும். அதுவரை நம் பக்கம் இருந்த நியாயம் அவர் பக்கம் போய்விடும்.

எது செய்யலாம்? பைலாவில் இருந்தால் ஓட்டை நிறுத்தலாம், தேர்தலில் நிற்கவிடாமல் செய்யலாம், பார்ட்டி ஹாலைப் புக் செய்ய அனுமதிக்காமல் இருக்கலாம். இந்தப் பார்ட்டி ஹால் விஷயம் சின்னதாகத் தெரியும். மகள் நிச்சயதார்த்தத்துக்கு ஹால் வேண்டும் என்றதும் 22 மாதப் பாக்கியை ஒரே செக்கில் கட்டியவர் ஒருவர் எங்களிடம் உண்டு.

வீடு விற்கும் நாள்

பாக்கிக்காரர் எவ்வளவு தூரம் ஓடினாலும் ஒரு நாள் வந்து நிற்கும் இடம் ஒன்று இருக்கிறது. அது வீட்டை விற்கும் நாள்.

எங்கள் உறுப்பினர் ஒருவரின் மகன் அமெரிக்காவில் நியூஜெர்சியில் இருக்கிறார். விடுமுறைக்கு வந்தபோது, “அங்கே இப்படி இழுக்க மாட்டாங்க அங்கிள். லியன் போட்டுடுவாங்க” என்றார். அங்கே காண்டோமினியம் சங்கம் பாக்கிக்கு அந்த வீட்டின் மேலேயே ஒரு உரிமையைப் பதிவு செய்துவிடும். அதற்குப் பெயர்தான் லியன். அதைத் தீர்க்காமல் வீட்டைச் சுத்தமாக விற்க முடியாது. முற்றினால் வீட்டையே ஏலத்துக்குக் கொண்டுபோகவும் சங்கத்தால் முடியும். நியூஜெர்சி மாதிரிச் சில மாநிலங்களில் ஆறு மாதப் பாக்கி அளவுக்கு வங்கிக் கடனையும் முந்திக்கொள்ளும் உரிமை உண்டு. பாக்கியை வைத்துக்கொண்டு அங்கே நிம்மதியாகத் தூங்க முடியாது.

நம்மிடம் அப்படி எதுவுமே இல்லை என்று நினைக்க வேண்டாம். கேரளச் சட்டத்துக்கு உட்பட்ட கட்டடம் என்றால், பொதுச் செலவுப் பாக்கி அந்த வீட்டின் மீதே ஒரு பொறுப்பாக நிற்கும், சட்டத்தில் அதற்குப் பெயர் சார்ஜ். அரசு, நகராட்சி வரியும் முதல் அடமானக் கடனும் மட்டும் அதற்கு முன்னால் வரும். நம்மூர் சார்ஜும் அங்கத்து லியனும் ஒன்றுவிட்ட சகோதரர்கள் மாதிரி. வித்தியாசம் என்னவென்றால் நாம் ஏலம் வரை போக நீதிமன்றப் படி ஏறித்தான் ஆக வேண்டும். இன்னொன்று, விற்றவரும் வாங்கியவரும் பழைய பாக்கிக்குச் சேர்ந்தே பொறுப்பு. வாங்குகிறவர் அசோசியேஷனிடம் ‘இந்த வீட்டுக்கு எவ்வளவு பாக்கி?’ என்று எழுத்தில் கேட்கலாம். நாம் எழுதிக் கொடுத்த தொகைக்கு மேல் பிறகு அவரிடம் கேட்க முடியாது. அதனால் பாக்கி இல்லை என்று கொடுக்கும் நோ டியூ சர்டிபிகேட்டை, ‘நம்ம ஆள்தானே’ என்று லெட்ஜரைத் திறக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கக் கூடாது.

வீடு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் வில்லங்கச் சான்று என்பதை இங்கே குடிக்கடம் என்பார்கள். அதில் பதிவான அடமானம் தெரியும். மெயின்டனன்ஸ் பாக்கி அதில் தெரியாது. சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் ‘தீராதாரம்’, அதாவது தமிழில் கிரயப் பத்திரம், சுத்தமாகப் பதிவாகிவிடும். சாவியை வாங்கிக்கொண்டு வரும்போது வாசலில் நான் லெட்ஜரோடு நிற்பேன். வங்கி ஏலத்தில் வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ‘உள்ளது உள்ளபடி’ என்று ஏல நோட்டீஸில் ஒரு வரி இருக்கும். அந்த உள்ளதில் எங்கள் பாக்கியும் அடக்கம்.

மூன்று வருடக் கடிகாரம்

விற்கும் நாள் வரை காத்திருக்கலாமே என்றால், ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி, பணத்தைக் கேட்டு வழக்குப் போடச் சாதாரணமாக மூன்று வருடம்தான். ஒவ்வொரு மாதத் தவணைக்கும் அது கட்ட வேண்டிய நாளிலிருந்து தனித்தனிக் கடிகாரம். ஐந்து வருடப் பாக்கியோடு கோர்ட்டுக்குப் போனால் முதல் இரண்டு வருடம் காற்றில் போகும். வீட்டின் மேல் இருக்கும் சார்ஜை வைத்துப் போடும் வழக்குக்கு பன்னிரண்டு வருடம் உண்டு. ஆனால் நம் கட்டடத்துக்கு அந்தச் சார்ஜ் இருக்கிறதா என்ற கேள்விக்குப் பதில் மேலே சொன்ன பிரகடனப் பத்திரத்தில் இருக்கிறது. அது இல்லாதவர்கள் மூன்று வருடத்தை மனதில் வைத்துத்தான் நடக்க வேண்டும்.

அந்தக் கடிகாரத்தைத் திருப்பி வைக்க இரண்டு வழி. மூன்று வருடம் முடிவதற்குள், ‘நான் இவ்வளவு தர வேண்டியிருக்கிறது’ என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருடம் தொடங்கும். தருகிறேன் என்றுகூட எழுத வேண்டாம். பாக்கி இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் போதும். இரண்டாவது, அதே காலத்துக்குள் கொஞ்சம் பணம் கட்டினாலும் கடிகாரம் திரும்பும். ஆனால் கட்டியதற்கு அவர் கையெழுத்தில் ஒரு எழுத்து இருக்க வேண்டும். அதனால் இப்படிப்பட்டவர்களிடம் நான் செக் வாங்குவதையே விரும்புகிறேன். செக்கில் அவர் கையெழுத்து இருக்கும்.

கட்டிய பணத்தை எந்த மாதத்தில் வரவு வைப்பது? அவர் ‘இது இந்த மாதத்துக்கு’ என்று சொல்லிக் கொடுத்திருந்தால் அப்படியே வைக்க வேண்டும். எதுவும் சொல்லாமல் பத்தாயிரம் போட்டால், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி நமக்கு வர வேண்டிய எந்தப் பாக்கியிலும் வரவு வைத்துக்கொள்ளலாம், காலவரம்பு தாண்டிய பழைய பாக்கியாக இருந்தாலும் சரி. நான் எப்போதும் மிகப் பழைய மாதத்தில்தான் வைப்பேன். ரசீதிலும் எந்த மாதம் என்று எழுதிவிடுவேன். எங்கள் பழைய ரசீதுப் புத்தகத்தில் ‘மெயின்டனன்ஸ்’ என்று மொட்டையாக எழுதிய ரசீதுகள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. எது எந்த மாதத்துக்கு என்று இன்றுவரை ஆராய்ச்சி நடக்கிறது.

எனவே புதிதாகப் பொறுப்பேற்றவர் முதல் வாரத்தில் லெட்ஜரைத் திறந்து தேட வேண்டியது பெரிய பாக்கியை அல்ல, பழைய பாக்கியை. 30 மாதம் தாண்டியவர் யார் என்று பார்த்து அவரிடம் முதலில் போக வேண்டும். எங்களிடம் அப்படி ஒருவர் இருக்கிறார். கல்பாத்திக்காரர், இப்போது மும்பையில். இரண்டு வருடம் ஒன்பது மாதம் ஆகிறது. சண்டைக்காரர் இல்லை, ஃபோன் செய்தால் பிரியமாகப் பேசுவார், குழந்தைகளை விசாரிப்பார், பணம் மட்டும் வராது. நவம்பரில் கல்பாத்தித் தேர்த் திருவிழாவுக்கு வருகிறாராம். பாக்கியை ஒப்புக்கொள்ளும் கடிதத்தை இரண்டு பிரதி டைப் செய்து வைத்திருக்கிறேன். கையெழுத்துதான் பாக்கி.